தரப்படுத்தல் முதல் இசட் புள்ளி வரை: அரநாயக்கவிலிருந்து ஒரு கணக்கு

உயர்தர முடிவு வந்ததும் எல்லாரும் தேடுறது ஏ, பி, சி இல்லை, இசட் புள்ளியைத்தான். அது எப்படி வருதுன்னு கேட்டால் பலர் முழிப்பாங்க. விஷயம் இவ்வளவுதான்: பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய இடையையும் கழித்து, நியம விலகலால் வகுக்கணும். 70 எடுத்தீங்க, இடை 50, விலகல் 10 என்றால் 2. இன்னொரு பாடத்தில் 80, ஆனால் இடை 72, விலகல் 8 என்றால் 1 மட்டுமே. 80ஐ விட 70 பெரிசு! மூன்றாவதில் 0.5 என்றால், மூன்றின் சராசரி 1.1667.

இதற்குப் பின்னால் கசப்பான வரலாறு இருக்கு. 1970ல் பேராதனை பொறியியலுக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு வெட்டுப்புள்ளி 250, சிங்கள மொழிமூலத்துக்கு 227. 1973ல் மொழிமூல வாரியாகப் புள்ளிகளை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் தரப்படுத்தல், 1974ல் மாவட்ட ஒதுக்கீடு. மொழிமூலத் தரப்படுத்தல் 1977ல் கைவிடப்பட்டது, மாவட்டம் மட்டும் போகவில்லை. புள்ளியியலில் 'தரப்படுத்தல்' சாதுவான சொல். நம்ம ஊரில் அது ஒரு காயத்தின் பெயர்.

2001ல் வந்த இசட் புள்ளி மொழிமூலத்தைப் பார்ப்பதில்லை. அதுவும் ஒருமுறை சறுக்கியது. 2011ல் பழைய, புதிய பாடத்திட்டம் இரண்டிலும் பரீட்சை எழுதியவர்களைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். வேறு வேறு வினாத்தாள் எழுதிய இரண்டு கூட்டத்துக்கு எப்படி ஒரே இடை? வழக்கு உயர் நீதிமன்றம் போனது. தனித்தனியாகக் கணக்கிடச் சொல்லி 2012 ஜூனில் உத்தரவு வந்தது. பிள்ளைகள் அதுவரை காத்துக்கிடந்தார்கள்.

இனி அரநாயக்கவுக்கு வருவோம். இசட் புள்ளி தயாரான பிறகுதான் மாவட்டம் நுழையுது. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் இரத்தினபுரி இருக்கு, கேகாலை இல்லை. ரெண்டும் ஒரே சப்ரகமுவ, ரெண்டிலும் றப்பர், தேயிலை, லயம். ஆனால் மாவட்டத்துக்குள்ளே சராசரி எடுக்கும்போது, கேகாலை நகரத்துப் பெரிய பாடசாலையும் மலைமேல் இருக்கிற தோட்டப் பாடசாலையும் ஒரே கூடையில்தான். விஞ்ஞான ஆசிரியர் இல்லாததால் கலைப்பிரிவு எடுத்த தோட்டத்துப் பிள்ளை இந்தக் கணக்கில் பின்தங்கியவராகத் தெரிவதே இல்லை. அவர் பெயர் மருத்துவப் பட்டியலின் கீழ்ப்பகுதியில்கூட வராது, ஏன்னா அந்தப் பாடத்தை எழுதவே இல்லையே. சனத்தொகையில் மட்டும் அவர் குடும்பமும் சேர்ந்துதான் மாவட்டத்துக்கு இடம் கிடைக்குது.

பாடத்திட்டம் வேறென்றால் கூட்டத்தைப் பிரிக்கணும் என்று 2012ல் நீதிமன்றமே சொல்லிட்டது. பாடசாலையே வேறென்றால் என்ன செய்யணும்னு இன்னும் யாரும் வழக்குப் போடலை.