கப்பல் ஃபுல், தேதியை மாற்றிக்கொள்கிறீர்களா? குரூஸ் நிறுவனங்களின் 'மூவ் ஓவர்' ஆஃபர்: முழு விளக்கம்

பெங்களூருவில் வேலை பார்க்கும் ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நான்கு இரவு குரூஸுக்கு ஆறு மாதம் முன்பே புக் செய்துவிட்டார்கள். முழுப் பணமும் கட்டியாச்சு. ஃப்ளைட் டிக்கெட் போட்டாச்சு. ஆபீஸில் மேனேஜரிடம் கெஞ்சி லீவும் வாங்கியாச்சு. கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது குரூஸ் நிறுவனத்திடமிருந்து ஒரு ஈமெயில் வருகிறது.

விஷயம் இதுதான்: நீங்கள் புக் செய்த பயணத்துக்கு ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள். அடுத்த வாரக் கப்பலுக்கு மாறிக்கொண்டால் பால்கனி வைத்த கேபின் தருகிறோம், கப்பலில் செலவழிக்க ஒரு தொகையும் தருகிறோம். முதலில் பதில் சொல்பவர்களுக்கே வாய்ப்பு.

படித்தவுடன் பரிசு விழுந்த மாதிரிதான் இருக்கும். உண்மையில் நடப்பது ஒரு பேரம். உங்களுக்கு ஏற்கெனவே விற்ற இடத்தை நிறுவனம் உங்களிடமிருந்தே திருப்பி வாங்கப் பார்க்கிறது. அதற்கு எவ்வளவு தர வேண்டும் என்று விமானப் பயணத்தில் சட்டம் ஒரு அளவு வைத்திருக்கிறது. கடலில் அப்படி எதுவும் இல்லை. அதனால் கணக்குப் போட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில்தான் விழுகிறது.

ஓவர்புக்கிங் ஏன் நடக்கிறது?

குரூஸ் டிக்கெட்டை ஒரு வருஷத்துக்கு முன்பே, சில சமயம் அதற்கும் முன்பே விற்கத் தொடங்கிவிடுவார்கள். ஆரம்பத்தில் ஒரு முன்பணம் கட்டினால் போதும். மீதியை வழக்கமாகப் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு கட்ட வேண்டும். அந்தக் கடைசித் தேதி நெருங்கும்போது பலர் ரத்து செய்வார்கள். காரணம் எளிது: பல டிக்கெட்டுகளில் அதுவரை ரத்து செய்தால் பெரிய இழப்பு இல்லை. அதற்குப் பிறகுதான் அபராதம் ஏறிக்கொண்டே போகும்.

இத்தனை பேர் ரத்து செய்வார்கள் என்று பழைய பயணங்களை வைத்து ஒரு கணிப்பு போடுகிறார்கள். அதற்கேற்ப இருப்பதைவிடச் சற்று அதிகமாக விற்கிறார்கள். கணிப்பு பலித்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. தப்பினால் அந்த ஈமெயில் வரும்.

காலி கேபின் என்றால் நிறுவனத்துக்கு இரட்டை நஷ்டம். டிக்கெட் பணம் போகும். கப்பலுக்குள் அந்தப் பயணி செய்யும் செலவும் போகும். மதுபானம், ஸ்பா, கேசினோ, வைஃபை, கரையில் சுற்றுலா எல்லாம் தனிக் காசு. கார்னிவல், ராயல் கரீபியன் போன்ற பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கப்பலுக்குள் நடக்கும் வியாபாரத்திலிருந்துதான் வருகிறது. அதனால்தான் ஒரு கேபினையும் காலியாக விட அவர்களுக்கு மனசு வராது.

இன்னொரு காரணம் 'கியாரண்டி கேபின்'. குறைந்த விலையில் ஒரு வகை கேபினை மட்டும் உறுதி செய்வார்கள், எண் தர மாட்டார்கள். கடைசி நேரத்தில் காலியாக இருப்பதில் ஒன்றை ஒதுக்குவார்கள். எண் இல்லாமல் விற்பதால் இந்த வகையில் கூடுதலாக விற்பது சுலபம்.

'105 சதவீதம் நிரம்பியது' என்றால் ஓவர்புக்கிங்கா?

இல்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். குரூஸ் தொழிலில் ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்பதுதான் 100 சதவீதம். மூன்றாவது, நான்காவது படுக்கையில் குழந்தைகள் வந்தால் கணக்கு 100-ஐத் தாண்டும்.

2024 ஜனவரியில் மயாமியிலிருந்து பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலைப் பாருங்கள். அதில் 2,805 கேபின்கள். இரண்டிரண்டு பேராகக் கணக்கிட்டால் 5,610 பயணிகள். அதிகபட்சம் 7,600 பேர் வரை ஏறலாம். அதாவது 135 சதவீதம் ஆனாலும் அது விதிக்கு உட்பட்டதுதான்.

ஆனால் அந்த அதிகபட்சத்தைத் தாண்ட முடியாது. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-இல் உருவான சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் வழிவந்த விதிகள்படி, கப்பலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உயிர்காக்கும் படகுகளில் இடம் இருக்க வேண்டும். பஸ்ஸில் மாதிரி 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று சொல்ல வழியில்லை. குடும்பங்கள் நிறைய வரும் கோடை விடுமுறையில், கேபின் காலியாக இருந்தும் ஆள் எண்ணிக்கையால் கப்பல் நிரம்பிவிடலாம்.

அந்த ஆஃபரில் என்னவெல்லாம் தருவார்கள்?

குரூஸ் வட்டாரத்தில் இதற்கு 'மூவ் ஓவர்' என்று பெயர். பொதுவாக மூன்று வடிவங்களில் வரும்.

முதலாவது, வேறு தேதி, மேம்பட்ட கேபின், கூடவே 'ஆன்போர்டு கிரெடிட்' எனப்படும் கப்பலுக்குள் மட்டும் செல்லும் தொகை.

இரண்டாவது, கட்டிய பணம் முழுக்கத் திரும்ப, அதோடு இன்னொரு பயணம் இலவசம் அல்லது பாதி விலை. பயணத் தேதி மிக நெருங்கியும் இடம் போதவில்லை என்றால்தான் இந்த அளவுக்கு இறங்கி வருவார்கள்.

மூன்றாவது, அதே தேதியில் கிளம்பும் இன்னொரு கப்பல். ஃபுளோரிடா போல ஒரே நாளில் பல கப்பல்கள் கிளம்பும் இடங்களில் இது சாத்தியம்.

ஏஜென்ட் மூலம் புக் செய்திருந்தால் இந்தத் தகவல் பெரும்பாலும் அவருக்குத்தான் போகும். அவர் இரண்டு நாள் கழித்துச் சொன்னால் வாய்ப்பு கைநழுவிவிடலாம். இப்படி வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

விமானத்துக்குச் சட்டம் இருக்கே, கப்பலுக்கு?

விமானத்துக்கும் அது சும்மா வந்துவிடவில்லை. 1972-இல் அமெரிக்காவின் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நாடெர், டிக்கெட் கையில் இருந்தும் விமானத்தில் ஏற்றப்படவில்லை. வழக்குப் போட்டார். 1976-இல் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. இறங்கத் தயாராக இருப்பவர்களைப் பணம் கொடுத்துத் தேடலாமே என்று பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன் 1960-களிலிருந்தே சொல்லிவந்தார். 1970-களின் கடைசியில் அமெரிக்க விமானத் துறை அந்த வழிக்கு வந்தது. குரூஸ் நிறுவனங்கள் இன்று அனுப்பும் ஈமெயிலும் அதே யோசனைதான். ஒரே வித்தியாசம், இங்கே பின்னால் சட்டம் நிற்கவில்லை.

இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி தெளிவாக இருக்கிறது. விமானம் ஓவர்புக் ஆனால் முதலில் தானாக முன்வருபவர்களைக் கேட்க வேண்டும். உங்கள் விருப்பத்துக்கு மாறாக ஏற்ற மறுத்து, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராவிட்டால் இழப்பீடு உண்டு. 24 மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணத்தின் 200 சதவீதமும் எரிபொருள் கட்டணமும், அதிகபட்சம் ரூ.10,000. அதற்கும் மேல் தாமதம் என்றால் 400 சதவீதம், அதிகபட்சம் ரூ.20,000.

குரூஸுக்கு இப்படி ஓர் அட்டவணை இந்தியாவிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. 2013 பிப்ரவரியில் கார்னிவல் ட்ரையம்ஃப் கப்பல் தீ விபத்துக்குப் பிறகு மெக்சிகோ வளைகுடாவில் மின்சாரம் இல்லாமல் நாள்கணக்கில் தத்தளித்தது. அதற்குப் பிறகு அதே ஆண்டு மே மாதம் குரூஸ் நிறுவனங்களின் கூட்டமைப்பு 'பயணிகள் உரிமை சாசனம்' ஒன்றை வெளியிட்டது. இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று அதில் இருக்கிறது. ஓவர்புக்கிங் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2015-ஆம் ஆண்டின் பேக்கேஜ் சுற்றுலா விதிகளின் கீழ், ஒப்பந்தத்தின் முக்கிய அம்சத்தை நிறுவனம் பெரிய அளவில் மாற்றினால், மாற்றத்தை ஏற்காமல் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு.

மற்றபடி உங்களுக்கும் நிறுவனத்துக்கும் நடுவே இருப்பது டிக்கெட் ஒப்பந்தம் மட்டும்தான். புக் செய்யும்போது படிக்காமலே 'சம்மதம்' என்று டிக் செய்கிறோமே, அதுதான். கப்பலை மாற்ற, பயணத்தை ரத்து செய்ய, வேறு கேபின் கொடுக்க நிறுவனத்துக்கு அதில் தாராளமான உரிமை இருக்கும். எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்பதையும் அதுவே சொல்லும். வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி கார்னிவல் மீது போட்ட வழக்கில், ஃபுளோரிடாவில்தான் வழக்குத் தொடர முடியும் என்ற டிக்கெட் நிபந்தனை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது.

ஒத்துக்கொண்டால் லாபமா?

நம் பெங்களூரு தம்பதியிடம் திரும்பி வருவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு மட்டும்.

இருவருக்கும் சேர்த்து குரூஸ் கட்டணம் ரூ.1,20,000. ஆஃபர்: அடுத்த வாரம், பால்கனி கேபின், கப்பலில் செலவழிக்க ரூ.20,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃப்ளைட் தேதி மாற்ற இருவருக்கும் ரூ.16,000. சிங்கப்பூரில் முந்தைய நாள் இரவு தங்க எடுத்த ஹோட்டலை ரத்து செய்தால் பணம் வராது, அது ரூ.9,000. ஆக, கையிலிருந்து ரூ.25,000 ரொக்கமாகப் போகிறது. வருவதோ கப்பலுக்குள் மட்டுமே செல்லும் ரூ.20,000. பால்கனிக்காக ரூ.5,000 கொடுத்த கணக்கு. கூடவே மறுபடியும் லீவு கேட்க வேண்டும்.

இதே ஆஃபர் சிங்கப்பூரில் குடியிருப்பவருக்குப் போனால் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். துறைமுகத்துக்கு ஒரு டாக்ஸி பிடித்தால் முடிந்தது. நிறுவனம் போடும் விலை அவரை மனதில் வைத்தது. விமானம் ஏறி வரும் உங்களை மனதில் வைத்ததல்ல.

ஆனால் முழுப் பணமும் திரும்ப, அதோடு அடுத்த பயணம் இலவசம் என்று சொன்னால் கதையே வேறு. ரூ.25,000 செலவானாலும் ரூ.1,20,000 கைக்கு வருகிறது. தேதி ஒத்துவந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

பதில் அனுப்பும் முன் என்ன கேட்க வேண்டும்?

1. பணமா, கிரெடிட்டா? ஆன்போர்டு கிரெடிட்டில் செலவழிக்காத மீதி பெரும்பாலும் காலாவதியாகிவிடும். எதிர்காலப் பயண கிரெடிட் என்றால் அதற்குக் கெடு எப்போது, வேறு ஒருவருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

2. 'இலவசப் பயணம்' என்றால் எது இலவசம்? வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ் ஆகியவற்றை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

3. ஃப்ளைட், ஹோட்டல் மாற்றச் செலவை ஏற்பார்களா? கேட்டால்தான் தெரியும். ஏற்பதாக இருந்தால் எவ்வளவு வரை என்று எழுத்தில் வாங்குங்கள்.

4. விசா புதுத் தேதிக்குச் செல்லுமா? இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஷெங்கன் விசா பெரும்பாலும் பயணத் தேதியை ஒட்டியே கிடைக்கும். மாற்றுப் பயணத்தின் பாதை வேறாக இருந்தால், வழியில் வரும் நாட்டுக்குத் தனி விசாவோ மல்டிபிள் என்ட்ரியோ தேவைப்படலாம். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல்கள் கனடாவில் நிற்பது ஓர் உதாரணம்.

5. டிராவல் இன்ஷூரன்ஸ் தொடருமா? நீங்களாக விரும்பித் தேதி மாற்றினால் வரும் செலவை பாலிசிகள் பொதுவாகத் தராது. பாலிசியின் தேதியையும் மாற்ற வேண்டும்.

6. கூட வருபவர்கள்? நண்பர்கள் வேறு புக்கிங்கில் இருந்தால், அவர்களும் சேர்த்து மாற்றப்படுகிறார்களா என்று உறுதி செய்யுங்கள்.

இன்னொன்று: மெயிலில் இருக்கும் லிங்கை அப்படியே கிளிக் செய்யாதீர்கள். நிறுவனத்தின் தளத்தில் உங்கள் புக்கிங்கைத் திறந்தோ, ஏஜென்டைக் கூப்பிட்டோ ஆஃபர் நிஜமானதுதானா என்று பாருங்கள்.

வேண்டாம் என்றால் என்ன ஆகும்?

ஆஃபர் என்பது ஆஃபர்தான், மறுக்கலாம். பதிலே போடாவிட்டாலும் பெரும்பாலானவர்களின் பழைய புக்கிங் அப்படியே இருக்கும். போதுமான ஆட்கள் முன்வராவிட்டால் நிறுவனம் தொகையை ஏற்றி மறுபடி கேட்கலாம். ஆனால் காத்திருப்பதில் ரிஸ்க்கும் உண்டு. தேவையான எண்ணிக்கை சேர்ந்ததும் கதவை மூடிவிடுவார்கள்.

யாருமே அசையாவிட்டால் நிறுவனமே சிலரை மாற்றலாம். இது அரிது. அப்படி நடந்தால் 'நானாக மாறவில்லை' என்பதை ஈமெயிலில் பதிவு செய்துவிடுங்கள். ரசீதுகளை எடுத்து வையுங்கள். பின்னால் இழப்பீடு கேட்கும்போது பேசப்போவது இந்தக் காகிதங்கள்தான்.

இந்தியாவில் எங்கே புகார் செய்வது?

முதல் படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இதன்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். ஒப்பந்தமே ஒருதலைப்பட்சமானது என்று வாதிட விரும்பினால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

இந்தியாவில் அலுவலகம் உள்ள நிறுவனத்திடமோ ஏஜென்டிடமோ வாங்கியிருந்தால் இதெல்லாம் சுலபம். வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வாங்கினால் தீர்ப்பு கிடைத்தாலும் பணத்தை வசூலிப்பது பெரும்பாடு. விலை ஆயிரம் இரண்டாயிரம் குறைவு என்று வெளிநாட்டுத் தளத்துக்குப் போகும் முன் இதையும் யோசியுங்கள்.

நம் தம்பதி என்ன செய்யலாம்? முதல் ஆஃபரை மறுத்து, 'விமான மாற்றச் செலவையும் ஏற்றால் வருகிறோம்' என்று ஒரு பதில் போடலாம். ஒத்துக்கொண்டால் பால்கனியில் உட்கார்ந்து கடல் பார்க்கலாம். இல்லையென்றால் ஏற்கெனவே போட்ட தேதியில், ஏற்கெனவே வாங்கிய லீவில், நிம்மதியாகக் கிளம்பலாம்.