ஜன்னலோரத்துத் தண்ணீர்த் தொட்டி

ஒரே காரியத்தை ஒரே மாதிரி செய்து, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பலன் கிடைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? சமையலறையில் இப்படி நேர்ந்தால் உப்பின்மேலோ அடுப்பின்மேலோ பழியைப் போட்டுவிடலாம். 1948-ம் வருஷம் ஆல்பர்ட் கெல்னர் என்ற அமெரிக்கருக்கு உண்டான எரிச்சலை அவ்வளவு சுலபமாகத் தீர்த்துக்கொள்ள முடியவில்லை.

நியூயார்க்குக்கு அருகே, லாங் ஐலண்டில், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் என்ற இடத்தில் அவருக்கு வேலை. க்ஷயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசினைத் தந்ததே, அந்த மண்வாழ் கிருமியின் வித்துக்களைப் புற ஊதாக் கதிரில் காட்டுவார். முக்காலே மூன்று வீசம் செத்துப்போகும். பிழைத்தவற்றில் ஏதாவது ஒன்று குணம் மாறிப் புது மருந்து தராதா என்ற ஆசை. ஆனால் பிழைத்தவற்றின் கணக்குத்தான் ஒழுங்காக வரவில்லை. இன்று நூறு பிழைத்தால் நாளை ஆயிரம். கதிர் பட்ட பிறகு வித்துக்களை வைத்திருந்த சூட்டில்தான் வித்தியாசம் என்று எண்ணி, வெந்நீர்த் தொட்டியில் வைத்து அளந்து பார்த்தார். கணக்கு இன்னும் குழம்பியது.

அந்தத் தொட்டிக்குக் கண்ணாடி முகப்பு. அது இருந்தது ஜன்னலோரத்தில். பகல் வெளிச்சம் பட்ட வித்துக்கள் பிழைத்தன. இருட்டில் இருந்தவை மாண்டன. கவனமாகச் சோதித்தபோது, வெளிச்சம் பட்டவை இலட்சக்கணக்கான மடங்கு அதிகமாகப் பிழைத்ததைக் கண்டார். ஒரு வெளிச்சம் கொன்றதை இன்னொரு வெளிச்சம் எழுப்பிவிட்டது! இந்தக் கட்டத்தை நான் கதையில் எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் நம்பத்தகாதது என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

1949-ல் கெல்னர் இதை வெளியிட்டார். அதே வருஷம், இண்டியானாவில் லூரியாவின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த இத்தாலியர் டல்பெக்கோவும் இதையே எழுதினார். கிருமிகளைத் தின்னும் வைரஸ்களைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து, குழல் விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். மேல் தட்டில் பிழைத்தவை அதிகம், அடியில் குறைவு.

காயம் என்ன, எங்கே என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1960-ல் ஹாலந்தில் பியூக்கர்ஸும் பெரெண்ட்ஸும் டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துக்களில் ஒன்றான தைமினைத் தண்ணீரில் கரைத்து, உறைய வைத்து, புற ஊதாக் கதிரைக் காட்டினார்கள். பனிக்கட்டிக்குள் நெருங்கிக் கிடந்த தைமின்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டன. நம் உடலிலும் இதுதான் நடக்கிறது. டி.என்.ஏ.யை முறுக்கிய நூலேணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியும் எதிரெதிர் இழைகளின் இரண்டு எழுத்துக்கள் கைகோத்தது. வெயில் பட்டதும் ஒரே இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்கள், எதிரே இருக்கும் ஜோடியை மறந்துவிட்டு, ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன.

இதைப் பழுது பார்க்க இரண்டு வழி உண்டு. கெல்னரின் கிருமி செய்தது ஒன்று. 1950-களின் இறுதியில் ரூபர்ட் என்பவர் அதற்குரிய என்ஸைமைக் கிருமியின் சாற்றிலிருந்தே காட்டினார். அது பிணைந்த ஜோடியை ஏணியிலிருந்து வெளியே பிரட்டி எடுத்துத் தன் பள்ளத்துக்குள் வைத்துக்கொள்கிறது. நீல வெளிச்சத்தின் சக்தியால் பிணைப்பை அறுத்துவிடுகிறது. ரூபர்டின் மாணவராக வந்த துருக்கி டாக்டர் அஸீஸ் சங்கார் பிற்காலத்தில், 2015-ல், நோபல் பரிசில் பங்கு பெற்றார். கங்காருவுக்குக்கூட இந்த என்ஸைம் உண்டு. நமக்கில்லை. நம் மூதாதைகள் எந்தக் காலத்திலோ தொலைத்துவிட்ட சொத்து அது.

நமக்கு எஞ்சியது வெட்டித் தைக்கும் வழி. பழுதைச் சுற்றிச் சுமார் 30 எழுத்து நீளத்துக்கு இழையை வெட்டி எறிந்து, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதுவது. வெட்டுவது பெரிதல்ல, பல நூறு கோடி எழுத்துக்களுக்கு நடுவில் பழுதைக் கண்டுபிடிப்பதுதான் பெரிது. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன் நான். இருந்தாலும் இந்த இடம் என்னைத் தூங்கவிடவில்லை. எக்ஸ்.பி.சி. என்ற புரதம் காவற்காரன் மாதிரி ரோந்து வருகிறது. அது பழுதையே பார்ப்பதில்லையாம்! எதிர் இழையில் ஜோடி இழந்து தளர்ந்து நிற்கும் எழுத்துக்களைத்தான் பிடித்துக்கொள்கிறது. புருஷனுக்கு ஆபீஸில் ஏதோ வந்துவிட்டது என்பதை மனைவியின் முகத்தைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி தெரிந்துகொள்வதில்லையா, அந்த மாதிரி.

அதனால் ஒரு விபரீதமும் உண்டு. வெயில் உண்டாக்கும் காயங்களில் ஒரு வகை ஏணியை நன்றாகக் கோணலாக்கிவிடும். அது சீக்கிரம் அகப்பட்டுச் சில மணி நேரத்தில் சரியாகிறது. நான் முன்னே சொன்ன தைமின் ஜோடி சாது. ஏணியைக் கொஞ்சம் வளைத்தாலும் எதிர் எழுத்துக்களை அவ்வளவாகக் கலைப்பதில்லை. காவற்காரன் தாண்டிப் போய்விடுகிறான். இதற்கென்றே இன்னொரு புரதம் வந்து, ஜோடியைப் பிரட்டி, கோணலை அதிகப்படுத்திக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படியும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதிகம் உண்டாவது இந்தச் சாது வகைதான்; தோல் புற்றுக்கு முக்கிய வித்தும் இதுவே.

1874-ல் வியன்னாவில் கபோஸி என்ற டாக்டர் ஒரு விசித்திரத் தோல் வியாதியை வர்ணித்திருந்தார். கொஞ்ச நேர வெயிலே கொப்புளமாகும். முகமெல்லாம் புள்ளி விழும். சிறு வயதிலேயே புற்று வரும். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அதற்குக் காரணம் தெரியவில்லை. 1968-ல் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் கிளீவர் அந்த நோயாளிகளின் உயிரணுக்களை எடுத்துப் பார்த்தார். வெட்டித் தைக்கும் வேலை அவற்றில் நடக்கவில்லை. இன்று இன்னும் நுட்பமாகத் தெரியும்: சிலருக்குக் கத்தரியே பழுது, சிலருக்குக் கத்தரி சரியாக இருக்கிறது, காவற்காரன்தான் இல்லை.

இந்த நோயோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார் வீட்டு ஜன்னல்களில் புற ஊதாக் கதிரை மறிக்கும் மெல்லிய தாளை ஒட்டி வைக்கிறார்கள். சூரியன் அஸ்தமித்த பிறகே குழந்தைகளை விளையாட வெளியே விடுகிறார்கள்.