பத்து வெறுங்காலும் ஒரு சோடி சப்பாத்தும்



கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் வெள்ளவத்தைக் கடற்கரையிலும் சப்பாத்து இல்லாமல் பந்து உதைக்கும் பிள்ளைகளை இன்றும் காணலாம். "பந்து சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். போட்டி பார்க்கப் போய், எதிரணிப் பிள்ளைகளின் இனத்தைச் சொல்லிக் கூச்சலிடும் பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பருவகாலம் 1911ஆம் ஆண்டினுடையது. நடந்தது கல்கத்தாவில்.

அங்கே ஐ.எஃப்.ஏ. கேடயத்துக்கான போட்டி 1893இல் தொடங்கியது. பிரித்தானியப் படைப்பிரிவுகளும் ஐரோப்பியர் கழகங்களும்தான் அதை வென்று வந்தன. 1911 வரை எந்த இந்திய அணியும் வென்றதில்லை. 1889இல் உருவான மோகன் பகான் கழகம் அந்த ஆண்டு களமிறங்கியது.

அணியில் இருந்தவர்கள் யார்? பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட யாரும் இல்லை. தலைவர் சிப்தாஸ் பாதுரி கால்நடை மருத்துவத் துறையில் வேலை பார்த்தவர். முன்கள வீரர் அபிலாஷ் கோஷ், ஸ்கொட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர். பின்கள வீரர் சுதிர் சட்டர்ஜி, பவானிப்பூரில் லண்டன் மிஷன் கல்லூரியில் கற்பித்த ஆசிரியர், கிறிஸ்தவர். அணியிலேயே சப்பாத்து அணிந்து ஆடியவர் அவர் ஒருவர்தான். மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால்.

முதல் சுற்றில் சென் சேவியர்ஸ் கல்லூரி அணியை 3-0 என வென்றார்கள். அடுத்து ரேஞ்சர்ஸ் கழகத்தை 2-1. அதற்கடுத்து ரைஃபிள் பிரிகேட் படையணியை 1-0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு 1-1 எனச் சமநிலை. மீண்டும் ஆடியபோது 3-0 என வென்றார்கள்.

ஜூலை 29, இறுதிப் போட்டி. எதிரே கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவு. வெளியூர்களில் இருந்து விசேட ரயில்களிலும் படகுகளிலும் சனம் வந்து குவிந்தது. மைதானத்தை எட்டிப் பார்க்கக்கூட முடியாமல் ஆயிரக்கணக்கானோர் தூரத்தில் நின்றார்கள். கோல் விபரத்தை எழுதிப் பட்டம் பறக்கவிட்டு அவர்களுக்கு அறிவித்தார்களாம்! முதல் கோலைப் படைப்பிரிவு அடித்தது. சிப்தாஸ் பாதுரி அதைச் சமப்படுத்தினார். ஆட்டம் முடியும் தறுவாயில் கல்லூரி மாணவர் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். 2-1. சப்பாத்துக் கால்களை வெறுங்கால்கள் வென்றன.

இதுவரை பலரும் கேள்விப்பட்ட கதை. இதைவிட முக்கியமாக நான் நினைப்பது அதற்குப் பிறகு நடந்ததை.

1905இல் ஆங்கிலேயர் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவினையைப் பற்றி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பெரும் கருத்து வேறுபாடு இருந்தது. அந்தக் கசப்பு ஆறாத காலத்தில்தான் இந்த வெற்றி வந்தது. ஆனாலும் கல்கத்தாவில் வெளிவந்த 'முஸல்மான்' பத்திரிகை இந்த வெற்றியை மனம் நிறைந்து கொண்டாடியது. தங்கள் இந்துச் சகோதரர்கள் வென்ற செய்தி கேட்டு முஸ்லிம் விளையாட்டுக் கழகத்து உறுப்பினர்கள் தரையில் புரண்டு மகிழ்ந்தார்கள் என்று எழுதியது. கேடயம் அவர்களுடைய கழகத்துக்குக் கிடைக்கவில்லை. இருந்தும் அவர்களுக்கு அது தங்கள் வெற்றியாகவே பட்டது.

கல்கத்தா முஸ்லிம்களுக்கும் ஒரு பெரிய கழகம் இருந்தது: 1891இல் தோன்றிய முகம்மதன் ஸ்போர்ட்டிங். 1934இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுதான். 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்தக் கிண்ணத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1940இல் டுராண்ட் கிண்ணத்தை வென்ற முதல் இந்திய அணியும் அதுவே. முஸ்லிம்களாக நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்த ஆண்டுகளில் வங்காள அரசியல் மதத்தின் பேரில் பிளந்துகொண்டிருந்தது. பார்வையாளர் வரிசைகளும் கூடவே பிளந்தன. 1911இல் ஒன்றாக மகிழ்ந்த ஊரில், ஒரு கோல் ஒரு சமூகத்துக்கு வெற்றியாகவும் மற்றச் சமூகத்துக்குத் தோல்வியாகவும் மாறத் தொடங்கியது. வீரர்களின் கால்களில் பிழை இல்லை. பார்த்த கண்கள் மாறிவிட்டன.

நமது ஊரிலும் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. மருதானையில் 1892இல் தொடங்கிய ஸாஹிராவை 1921 முதல் 1948 வரை அதிபராக இருந்து வளர்த்தவர் டீ.பி. ஜாயா. முஸ்லிம்களின் கல்விக்காக எழுந்த கல்லூரி அது. அவர் காலத்தில் மற்றச் சமூகத்து ஆசிரியர்களும் மாணவர்களும் அங்கே இருந்தார்கள். நம் அடையாளத்தை வைத்துக்கொண்டே அடுத்தவரையும் நம்மவராக நினைக்கலாம் என்பதற்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். சாதாரண தரப் பரீட்சை வருகிறது என்று பிள்ளையை மைதானத்தில் இருந்து முற்றாக இழுத்துவிடாதீர்கள். வெற்றிக் கோலைப் போட்டவர் ஒரு மாணவர்; பின்களத்தைக் காத்தவர் ஓர் ஆசிரியர்.

அடுத்த முறை பாடசாலைப் போட்டிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். நமது அணிக்குத் தொண்டை வற்றும்வரை கத்துங்கள். எதிரணிப் பிள்ளை ஒரு நல்ல கோல் போட்டால், அவன் பெயரையோ ஊரையோ கேட்காமல், உங்கள் பிள்ளை பார்க்கும்படி எழுந்து நின்று கை தட்டுங்கள்.