கறுப்புப் பெட்டியும் கரைதட்டிய படகும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவ ஊரில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, கடலிலிருந்து திரும்பிய படகொன்று முகத்துவாரத்து மணல்திட்டில் மோதியது. "அடி பலமோ?" என்று வினவினேன். "ஒன்றுமில்லை, ஐயா" என்றார் நடுவில் அமர்ந்திருந்த பெரியவர். அணியத்தில், அதாவது படகின் முகப்பில், இருந்த இளைஞனோ முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். இருவரும் பொய் கூறவில்லை. இருந்த இடம்தான் வேறு.

விமானங்களின் கறுப்புப் பெட்டி வரலாற்றைப் படித்தபோது இந்நிகழ்ச்சி என் நினைவிற்கு வந்தது.

1953 மே 2-ஆம் நாள் கல்கத்தா டம்டம் நிலையத்திலிருந்து எழுந்த காமெட் ஜெட் விமானம், சில நிமிடங்களில் இடிமழையில் சிக்கிச் சிதறியது. 43 பேர் மாண்டனர். எத்தகைய விசை அதனைத் தாக்கியது என்று சொல்ல, அதனுள் பதிவுக் கருவி இல்லை. 1954-இல் மேலும் இரு காமெட்டுகள் மத்தியதரைக் கடலில் வீழ்ந்தன. இவ்விபத்துக்களை ஆராய்ந்தோருள் ஒருவரான ஆஸ்திரேலிய அறிஞர் டேவிட் வாரன், விமானிகளின் பேச்சையும் கருவிகள் காட்டும் அளவுகளையும் எஃகுக் கம்பியில் பதியும் பொறியை ஆக்கினார். 1960-இல் குவீன்ஸ்லாந்தின் மக்காய் நகரருகே 29 பேரைப் பலிகொண்ட விபத்துக்குப் பின்னர், ஆஸ்திரேலியா விமானங்களில் பேச்சுப் பதிவைக் கட்டாயமாக்கியது.

இன்று அப்பெட்டி நூற்றுக்கணக்கான அளவுகளைக் குறித்து வைக்கிறது. ஆயினும் விமானம் ஓடுபாதையில் பலமாக இறங்கி மோதும்போது, அம்மோதலை முழுமையாக அளக்க அதனால் இயல்வதில்லை. ஏன்?

செங்குத்து முடுக்கத்தைப் பல விமானங்களில் அது வினாடிக்கு 8 முறையே குறிக்கிறது. சக்கரம் தரையில் மோதும் அதிர்ச்சியின் உச்சம் இரு பதிவுகளுக்கிடையே தோன்றி மறைந்துவிடலாம். கண்ணை மூடி மூடித் திறந்து அலைகளைப் பார்க்கும் சிறுவன், பேரலையைத் தவறவிடுவதில்லையா? மேலும், முடுக்கத்தை உணரும் கருவி விமானத்தின் ஈர்ப்பு மையத்தருகே இருக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் முதலில் மோதினால், அதன் கால் தாங்கிய சுமையை நடுவிலுள்ள கருவி அப்படியே அறியாது. நம் பெரியவரின் நிலை அதுவே.

ஆகையால்தான், எண் சிறிதாயிருப்பினும், "இறக்கம் கடினமாயிருந்தது" என்று விமானி எழுதினால், பொறியாளர்கள் சக்கரக் கால்களையும் உடற்சட்டத்தையும் சோதித்துப் பார்க்கிறார்கள்.

வரலாறு பயிலும் நீங்களும் எந்த ஆவணத்தைக் கண்டாலும் கேளுங்கள்: பதிந்தவர் எங்கிருந்தார்? எப்போதெல்லாம் பதிந்தார்? பதிவில் இல்லாமையால் நிகழவில்லை என்று முடிவு கட்டலாகாது.

அந்தப் படகின் முகப்புப் பலகையில் விரிசல் இருந்தது. அதைக் கண்டது, இளைஞன் வற்புறுத்திப் படகைக் கரையேற்றிப் பார்த்த பிறகுதான்.