படிக்கொரு சூடம்

சாமி முன் ஏற்றுகிற சூடம் கடல் கடந்து வந்த பொருள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்றொரு பழைய துறைமுகம். அதையொட்டிய காடுகளில் ஓங்கி வளர்ந்த ஒருவகை மரத்தை வெட்டிப் பிளந்தால், சில மரங்களின் உள்ளே கற்பூரம் என்னும் வெண்படிகம் இருக்கும். எந்த மரத்தில் இருக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. அந்தப் படிகத்துக்குப் பேர்போன துறைமுகத்துக்குத் தமிழ் வணிகரும் போனார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088-இல் அங்கே, லோபு துவா என்னும் இடத்தில், தமிழில் கல்வெட்டே வைத்தது.

சுமத்ராவின் படிகம் அரிது, விலையும் அதிகம். பின்னாளில் உலகச் சந்தையைப் பிடித்தது வேறொரு மரம். சீனா, ஜப்பான், தைவான் காடுகளில் வளரும், லவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த மரம் அது. அதன் கட்டையைச் சீவி, நீராவியில் வேகவைத்து, ஆவியைக் குளிர்வித்தால் கற்பூரம் படியும். 1895-இல் தைவானைப் பிடித்த ஜப்பான், 1899-இல் அங்கே கற்பூர வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கியது. அதற்கு ஒரு காரணம் செல்லுலாய்டு என்ற பிளாஸ்டிக். சீப்பும் பொம்மையும் சினிமா பிலிமும் கற்பூரம் கலந்தே உருவான காலம் அது. காடு வெட்டுப்பட்டது, விலை ஏறியது.

மரத்தை வெட்டாமலே கற்பூரம் வேண்டும் என்ற தேடலில், பின்லாந்து வேதியியலாளர் குஸ்தாவ் கோம்பா 1903-இல் அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டினார். இன்றைய ஆலைகள் அதைவிடச் சுருக்கமான வழியில் போகின்றன. பைன் மரத்தைக் கீறி எடுக்கும் பிசினைக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைன். அதிலுள்ள ஆல்ஃபா பைனீன் முதலில் கேம்பீனாகிறது, பிறகு ஐசோபோர்னியோலாகிறது, கடைசியில் ஹைட்ரஜன் நீங்கிக் கற்பூரமாகிறது. காஞ்சிபுரம் அருகே ஏனாத்தூரில் காஞ்சி கற்பூரம் என்ற நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. சுமத்ராவில் தேடிய பொருள் காஞ்சிபுரத்துக்கே வந்துவிட்டது.

கற்பூரத் தூளை வாங்கி வில்லையாக்குவதைச் சிறுதொழிலாக வீட்டிலேயே செய்கிறவர்கள் உண்டு. மெழுகுவத்தி செய்ய அடுப்பு மூட்டி மெழுகை உருக்க வேண்டும். சூடத்துக்கோ நெருப்பு பக்கத்திலேயே வரக்கூடாது. மெஷினின் அச்சில் தூளை நிரப்பி அழுத்தினால் போதும், வில்லை தயார். புதிதாகத் தொடங்குபவர் சமையலறையை விட்டு, காற்றோட்டமான தனி அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே விளக்கோ ஊதுவத்தியோ கூடாது. சூடம் உருகாமலே ஆவியாகிற பொருள். அழுத்திய கையோடு காற்றுப் புகாத கவரில் அடைக்காவிட்டால் எடை குறைந்துகொண்டே போகும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த வில்லைகள் போய்ச் சேரும் இடங்களில் திருத்தணி முருகன் மலைக்கோயிலும் ஒன்று. ஆண்டின் நாளுக்கொன்றாக இங்கே 365 படிகள். டிசம்பர் 31 அன்று படித்திருவிழா. பஜனைக் குழுக்கள் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏற, படிதோறும் மஞ்சள் குங்குமமிட்டுச் சூடம் ஏற்றுகிறார்கள். ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைக்கார துரைகளைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல மக்கள் போன காலத்தில், முதலில் முருகனைக் காண வாருங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் இது.

இத்தனை படிகளில் ஏற்றுவதற்குச் சூடம் பொருந்துவது அதன் குணத்தால். எரியும்போது கரும்புகை விட்டாலும், எரிந்து முடிந்த இடத்தில் சாம்பலோ பிசுக்கோ வைக்காது. லாபத்துக்காக மெழுகைக் கலந்துவிட்டால் அந்தக் குணம் போய்விடும். கல்லில் மெழுகு படியும், பின்னால் வெறுங்காலோடு ஏறிவரும் வயதானவருக்கு வழுக்கும். காடும் கடலும் ஆலையும் தாண்டி வந்த பொருளின் தூய்மையைக் கடைசியில் காப்பாற்ற வேண்டியது வீட்டில் அழுத்துகிற கைதான். அதனால் புதுத் தூள் வாங்கினால், விற்கும் முன் ஒரு வில்லையைச் சுத்தமான எவர்சில்வர் தட்டில் ஏற்றிப் பாருங்கள். தட்டு ஆறியதும் விரலால் தடவுங்கள். மெழுகுப் பிசுக்கு தட்டுப்பட்டால், அந்தத் தூளைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.