சக்தி காரியாலயமும் கூலிக்கு மொழிபெயர்த்தோரும்

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் வட்டத்தில் இராயவரம் என்பது நகரத்தார் ஊர்களுள் ஒன்று. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த ஊர் என்ற அளவில் அதனைப் பலரும் அறிவர். அவ்வூரிலேயே 1912இல் தோன்றிய வை. கோவிந்தனை இலக்கிய வரலாறுகள் ஓரிரு வரிகளில் சுட்டிச் செல்கின்றன. இளமையில் பர்மா சென்று பணியாற்றித் திரும்பிய அவர், 1939இல் சென்னையில் ‘சக்தி’ இதழைத் தொடங்கினார்; அதனோடு ஒரு பதிப்பகத்தையும் நடத்தினார். டால்ஸ்டாயின் ‘இனி நாம் செய்ய வேண்டுவது யாது?’ என்னும் நூலின் தமிழாக்கம் அப்பதிப்பகத்தின் தொடக்க வெளியீடுகளுள் ஒன்று என்பது கருதத்தக்கது. தமிழ் உரைநடையில் புத்துலகக் கருத்துகள் புகுவதற்கு இதுபோன்ற பதிப்பகங்களே வாயிலாயின. அவ்வாயிலில் நின்று உழைத்தவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக எண்ணியது. நாமும் அவ்வழியே நூலை எண்ணுகின்றோம்; வகைப்படுத்துகின்றோம். மொழிபெயர்த்தவர் அரிசிக்கு என் செய்தார் என்று கேட்பதில்லை. புலவர் வறுமையைப் புறநானூற்றில் நுணுகி ஆராயும் நாம், முந்திய தலைமுறை எழுத்தாளரின் வறுமையை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளாதது வியப்பே.

சக்தியைச் சூழ்ந்திருந்தோருள் தி. ஜ. ரங்கநாதன் (1901–1974) முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைந்த அவர் ஆங்கிலத்தைத் தாமே கற்றார். வெண்டல் வில்கியின் நூலை ‘ஒரே உலகம்’ எனவும், லூயி பிஷர் எழுதிய காந்தியடிகள் வரலாற்றைக் ‘காந்தி வாழ்க்கை’ எனவும் தமிழில் தந்தார். சக்தியின் ஆசிரியராக இருந்த அவர், 1947இல் தோன்றிய ‘மஞ்சரி’யின் ஆசிரியரானார். பிற மொழி எழுத்துகளைச் சுருக்கியும் பெயர்த்தும் தருவதே மஞ்சரியின் இயல்பு ஆதலின், வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்போர் பலர்க்கு அஃதொரு புகலிடமாயிற்று. கு. அழகிரிசாமியும் தொ. மு. சி. ரகுநாதனும் சக்தியில் பணிபுரிந்தவரே. அழகிரிசாமி கார்க்கியின் நூல்கள் சிலவற்றைப் பெயர்த்தார். ரகுநாதன் கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழாக்கினார். டால்ஸ்டாயின் பெருநாவலை டி. எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ எனப் பெயர்க்க, அதனைச் சக்தி காரியாலயமே வெளியிட்டது. ‘தினமணி’யின் முதல் ஆசிரியராக இருந்து 1943இல் விலகிய இதழாளர் அவர். அத்துணைப் பெரிய நூலைப் பெயர்க்க எத்தனை மாதம் பிடித்திருக்கும், அம்மாதங்களில் அடுப்பு எவ்வாறு எரிந்திருக்கும் என்பன அந்நூலின் முன்னுரையில் காணக்கூடியன அல்ல.

இவர்களின் வருவாய் இருவகைத்து. இதழ் அலுவலகத்தில் மாதச் சம்பளம் பெற்றோர் ஒருவகையினர். பக்கக் கணக்கிலோ பாரக் கணக்கிலோ, நூல் ஒன்றுக்கு இவ்வளவு என்றோ ஒரே தொகை பெற்றோர் மற்றொரு வகையினர். முன்னவரும் மாலையில் பின்னவராயினர் என்பதே உண்மை. ஒரே தொகை பெற்றவர் அடுத்த பதிப்பில் பங்கு கேட்க இயலாது. எனவே விரைந்து முடித்தலே ஆதாயம். திருத்தித் திருத்தி எழுதுதல் நட்டம். அக்காலத்து மொழிபெயர்ப்புகளில் சில அத்தியாயங்கள் செறிவாகவும் சில தளர்ந்தும் இருத்தற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதுகின்றேன். அதனால் பிழைகள் பிழையல்ல ஆகிவிடா. எனினும் காரணம் அறியாது கூறும் தீர்ப்பு அரைத் தீர்ப்பே.

சட்டத்தின் நிலையையும் இங்கே நோக்குதல் வேண்டும். 1914ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவில் முதலில் வெளியான நூல்களுக்கு மொழிபெயர்ப்பு உரிமையைப் பத்தாண்டளவே காத்தது. அதற்குள் மூல ஆசிரியர் ஒரு மொழியில் மொழிபெயர்ப்பை வெளியிடாராயின், அம்மொழியில் யாரும் பெயர்க்கலாம். வங்க நாவல்கள் தமிழில் பெருகியதற்கு நம்மவர் அவற்றின்மேற்கொண்ட காதலோடு இவ்விதியும் துணைநின்றிருத்தல் கூடும். 1957ஆம் ஆண்டுச் சட்டம் வேறொன்றைத் தெளிவாக்கியது. பணியாளராக இருந்து பெயர்த்ததாயின் உரிமை பொதுவாகப் பணி கொடுத்தவர்க்கு. தன்னுரிமையாகப் பெயர்த்தவராயின், எழுத்து வடிவில் பிறர்க்கு மாற்றித் தந்தாலன்றி, அம்மொழிபெயர்ப்பின் உரிமை அவர்க்கே. இப்பாதுகாப்பு ஏட்டில் இருந்தது. அச்சகத்து மேசையில் நீட்டப்பட்ட பற்றுச்சீட்டில் கையெழுத்திட்டவருள் எத்துணைப்பேர் இதனை அறிந்திருப்பர்?

பதிப்பாளரை மட்டும் பழித்தல் முறையாகாது. கோவிந்தன் மலிவு விலையை ஒரு கொள்கையாகவே கொண்டவர். 1957இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குத் தந்தார். பாரதியார்க்கு உரிமைத் தொகை தர வேண்டியிருக்கவில்லை. மொழிபெயர்ப்பு நூலுக்கோ தாள், அச்சு, கட்டு ஆகியவற்றோடு பெயர்த்தவர்க்கும் கூலி உண்டு. விலையைக் குறைப்பின் அக்கூலியிலேயே கை வைக்க நேரும். வாசகர் நலமும் எழுத்தாளர் நலமும் மோதிய இடம் இது. அம்மோதலில் பதிப்பாளரும் பொருள் சேர்க்கவில்லை. நலிவுற்ற நிலையிலேயே 1966இல் கோவிந்தன் மறைந்தார்.

ஐம்பதுகளில் அயல்நாட்டுப் பணம் இத்தொழிலில் புகுந்தது. போர்டு அறக்கட்டளையின் உதவியோடு 1955இல் சென்னையில் தென்மொழிகள் புத்தக நிறுவனம் அமைந்தது. மற்றொரு பக்கம் சோவியத் நூல்கள் வந்தன. மாஸ்கோவிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் அமர்ந்து பணி செய்தனர். ரகுநாதனும் பின்னாளில் சோவியத் செய்தித்துறையில் பணியாற்றினார். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அவ்வாயிலும் அடைபட்டது. கூலி உயர்ந்தது உண்மை. எந்த நூலைப் பெயர்ப்பது என்னும் தேர்வு கைமாறியதும் உண்மை. தமக்கு உகந்த நூலையே தேர்ந்து பெயர்த்த க. நா. சுப்ரமண்யம் போன்றோர் பொருளால் பெற்ற பயன் சிறிது.

நம் மாணவர்க்கு ஒன்று கூற வேண்டும். ‘போரும் வாழ்வும்’ பற்றி ஆராய்வோர் உருசிய மூலத்தோடு ஒப்பிட முற்படுகின்றனர். அக்கால மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலோர்க்கு ஆங்கிலமே வாயில். அந்நாவலுக்குக் கான்ஸ்டன்ஸ் கார்னெட் செய்த பெயர்ப்பு 1904இலேயே உண்டு. மாட் தம்பதியர் பெயர்ப்பு 1920களில் வந்தது. லாகர்க்விஸ்டின் சுவீடிய நாவலைக் க. நா. சு. ‘அன்புவழி’ ஆக்கியதும் ஆங்கில வழியே. எந்த ஆங்கிலப் படி மேசைமேல் இருந்தது என்பதை முதலில் துணியாமல் செய்யும் ஒப்பீட்டில், ஆங்கிலேயர் விட்ட சொல்லுக்குத் தமிழர் பழி சுமப்பர். மராத்தியிலிருந்து காண்டேகரை நேரே பெயர்த்த கா. ஸ்ரீ. ஸ்ரீ., வங்கம் கற்ற த. நா. குமாரசாமி ஆகியோரை வேறு அளவையால் மதிப்பிடல் வேண்டும்.

இவ்வாய்வுக்குரிய சான்றுகள் நூல்களின் பின்னட்டையிலும் இதழ்களின் விளம்பரப் பக்கங்களிலும், எஞ்சியிருக்குமாயின் பதிப்பகக் கணக்கேடுகளிலும் உள்ளன. பொது நூலகங்களில் பழைய நூல்களைக் கட்டடம் செய்யும்போது முதலில் கிழிபடுவன அட்டையும் விளம்பரமுமே. புதுக்கோட்டை ஞானாலயா போன்ற தனியார் தொகுப்புகள் முதற்பதிப்புகளை முழுமையாகக் காத்து வருவதால், இராயவரத்தார் வெளியிட்ட நூல்களை அட்டை முதல் அட்டை வரை காணும் வாய்ப்பு இன்னும் உளது.