தென்னையின் கசிவு: வாடல் நோயும் கூன்வண்டும்

கொல்லையில் நிற்கும் தென்னை வாடத் தொடங்கினால், தண்ணீர் போதவில்லை என்பதுதான் வீட்டில் முதலில் எழும் பேச்சு. நாலு குடம் கூடுதலாக ஊற்றுவார்கள். பிறகு தூரில் உப்பும் சாம்பலும் போடுவார்கள். அதற்கும் கேட்காமல் மட்டைகள் தொங்கிப்போகும்போது, காய் பறிக்க வந்தவர் தண்டில் செம்பழுப்பாக ஏதோ வடிவதைக் காட்டுவார். வண்டு விழுந்துவிட்டது என்பார் ஒருவர். வாடல் நோய் என்பார் மற்றவர். இருவரும் சான்றாகக் காட்டுவது அந்த ஒரே கசிவைத்தான்.

அந்தக் கசிவை மட்டும் பார்த்து மருந்து வாங்கப் போவதால்தான், காப்பாற்றியிருக்கக்கூடிய மரங்களும் வீணாகின்றன. தஞ்சாவூர் வாடல் நோய் எனப்படும் அடித்தண்டழுகல், சிவப்புக் கூன்வண்டு இரண்டுமே தண்டிலிருந்து பழுப்புச் சாற்றை வடியச் செய்பவை. ஒன்று பூஞ்சை, மற்றொன்று பூச்சி. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றை ஒன்றும் செய்யாது.

தென்னையின் உடலமைப்பைத் தெரிந்துகொண்டால் இரண்டின் போக்கும் எளிதில் பிடிபடும். மாமரத்தில் வெட்டுப்பட்ட இடத்தைப் புதுப்பட்டை மூடிவிடும். தென்னைத் தண்டில் அப்படி மூடும் திசு கிடையாது. ஏறுவதற்காக ஒருமுறை கொத்திய படி மரம் உள்ளவரை புண்ணாகவே இருக்கும். ஆணிவேரும் இல்லை. தூரிலிருந்து கிளம்பும் ஆயிரக்கணக்கான ஒரே அளவு வேர்கள்தாம் நீரை ஏற்றித் தருகின்றன. மரம் வளர்வதோ உச்சியில் உள்ள ஒரே குருத்தால். வேர் போனாலும் சாவு, குருத்து போனாலும் சாவு. பூஞ்சை முதல் வழியில் வருகிறது, வண்டு இரண்டாம் வழியில்.

அடித்தண்டழுகல் 1952இல் தஞ்சை மாவட்டத்தில் புயலுக்குப் பின் பெரிதாகத் தெரியவந்ததால் அந்தப் பெயரைப் பெற்றது. கானோடெர்மா என்னும் பூஞ்சை மண்ணில் இருந்து வேரை அழுகச் செய்து தண்டுக்குள் ஏறுகிறது. மணற்பாங்கான நிலம், கோடையில் நீரின்றிக் காய்ந்த மரம், பத்து வயதைத் தாண்டிய மரம் ஆகியவை இதற்கு எளிதில் இலக்காகும். வேர் குறையக் குறைய நீர் குறையும். அந்தக் குறை முதலில் தெரிவது அடி மட்டைகளில். அவை மஞ்சளாகிப் பழுத்து, ஒடிந்து விழாமல் தண்டை ஒட்டித் தொங்கும். குரும்பை உதிரும். புதிதாக வரும் மட்டைகள் குட்டையாகும், கொண்டை சிறுக்கும். இவ்வளவு நடந்தும் நடுக்குருத்து பச்சையாகவே நிற்கும். கடைசியாக அழுகுவது அதுதான். கசிவும் தரைமட்டத்தை ஒட்டித் தொடங்கி மாதக்கணக்கில் மெல்ல மேலேறும். மழைக்காலத்தில் தூரில் தட்டுத்தட்டாக, மேல்புறம் பளபளக்கும் செம்பழுப்புக் காளான் முளைத்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் காளானுக்காகக் காத்திருக்கக் கூடாது. அது வெளியே தெரியும்போது உள்ளே பெரும்பகுதி அழுகியிருக்கும்.

கூன்வண்டின் கதை தலைகீழ். புண்ணிலிருந்து வரும் புளித்த வாடை வண்டை இழுக்கிறது. தண்டை ஒட்டி வெட்டிய பச்சை மட்டை, ஏறுவதற்குக் கொத்திய படி, காண்டாமிருக வண்டு குடைந்த குருத்து எல்லாமே அதற்கு வாசல். அங்கே முட்டையிடும். காலில்லாத வெள்ளைப் புழு ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் உள்ளேயே தின்று, நாரால் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளியேறும். அந்த வண்டுகளே அதே மரத்தில் அடுத்த தலைமுறையைத் தொடங்குவதும் உண்டு. இதில் அடி மட்டைகள் பச்சையாக இருக்க, உள்வட்டத்து இளமட்டைகள் மஞ்சளாகி வாடும். குருத்தை இழுத்தால் கையோடு வரும் நிலைக்குப் பின் கொண்டையே சாய்ந்து விழும். பாதிப்பு பெரும்பாலும் ஐந்து முதல் இருபது வயது மரங்களில்.

ஆக, எந்த மட்டை முதலில் வாடியது என்ற கேள்விதான் கசிவைவிட நம்பகமானது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இளங்கன்றில் வண்டு தூர்ப்பகுதியிலேயே துளைத்து நுழையும்; அப்போது கசிவும் அடியில்தான் இருக்கும். அங்கே குனிந்து பார்த்தே ஆகவேண்டும். வண்டு என்றால் துளை இருக்கும். அதன் வாயில் மென்று துப்பியது போன்ற ஈரநார் பிதுங்கி நிற்கும், கள் புளித்த நாற்றம் அடிக்கும். ஊர் அடங்கிய பிறகு தண்டில் காதை வைத்தால் புழு கறுக் கறுக்கென்று கடிப்பது கேட்கும். பூஞ்சை என்றால் துளை இல்லை, நார் இல்லை, சத்தமும் இல்லை. தூரைச் சுற்றி மண்ணைக் கிளறினால் வேர்கள் நிறம் மாறி, கையில் நசுங்கும். தண்டின் வெடிப்புகளில் கசியும் சாறுவடிதல் நோய் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதில் மரம் உடனே சாவதில்லை, அழுகிய பகுதியைச் செதுக்கிப் போர்டோ பசை தடவினால் பெரும்பாலும் தேறும்.

வண்டு என்று சீக்கிரம் தெரிந்தால் மரம் பிழைக்க வாய்ப்புண்டு. துளையைச் சுத்தம் செய்து, வேளாண் அலுவலர் சொல்லும் மருந்தை உள்ளே செலுத்தி அடைக்கலாம். இனக்கவர்ச்சிப் பொறி வண்டுகளைப் பிடிக்கும். ஆனால் இரண்டு மூன்று மரம் உள்ள கொல்லையில், பச்சை மட்டையைத் தண்டை ஒட்டி வெட்டாமல் நாலடி விட்டு வெட்டுவதே பொறியைவிடப் பயன் தரும் என்று நினைக்கிறேன்.

அடித்தண்டழுகலில் கணக்கு வேறு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி 2 மி.லி. ஹெக்சகோனசோலை 100 மி.லி. நீரில் கலந்து பையில் ஊற்றி, சரிவாக வெட்டிய உயிர்வேரை அதில் நுழைத்துக் கட்டவேண்டும். மூன்று மாத இடைவெளியில் மூன்று முறை. கூடவே மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு. கட்டிய வேர் ஒரு நாளில் மருந்தைக் குடிக்காவிட்டால் வேறு வேரைத் தேடவேண்டும். அப்படித் தேடியும் குடிக்கும் வேர் கிடைக்கவில்லை என்றால், வைத்தியத்துக்கான காலம் கடந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள். பிள்ளை போல வளர்த்த மரத்தை வெட்ட மனம் வருவதில்லை. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பூஞ்சை வேர் வழியாகவும் நீர் வழியாகவும் அடுத்த மரத்துக்குப் போகும். ஒரே வாய்க்காலில் எல்லா மரத்துக்கும் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தி, மரத்துக்கு ஒரு வட்டப்பாத்தி எடுத்துத் தனித்தனியாக ஊற்றவேண்டும். நோயுற்ற மரத்திலிருந்து நாலடி தள்ளி இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் சுற்றிலும் குழி வெட்டினால் பரவல் தடைபடும்.

வெட்டிய பிறகும் இரண்டும் ஒன்றல்ல. வண்டு விழுந்த மரத்தைக் கிடத்திவைத்தால் உள்ளிருக்கும் கூடுகளிலிருந்து வண்டுகள் கிளம்பி அடுத்த மரம் தேடும். கொண்டையையும் துளைபட்ட தண்டையும் அன்றே பிளந்து எரித்துவிடவேண்டும். பூஞ்சை கண்ட மரத்தில் ஆபத்து மண்ணுக்குள் இருக்கிறது. தரையோடு அறுத்துவிட்டு மேலே சிமெண்டு பூசினால், அழுகிய அடிக்கட்டையில் அது ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுத்து எரிக்கவேண்டும். அந்தக் குழியிலேயே அடுத்த கன்றை வைக்கக் கூடாது.